ஒரே "கோ ஆஃப்", எட்டு அர்த்தம்: ஃப்ரேசல் வெர்ப்ல மாட்டிக்காம இருக்க ஒரு வழிகாட்டி

வேலைக்குச் சேர்ந்த புதுசு. ராத்திரி ஷிஃப்ட்ல இருந்தவர் நோட்டுல ஒரு வரி எழுதி வச்சுட்டுப் போயிருந்தார், "தி அலாரம் வென்ட் ஆஃப் அட் டூ". படிச்சேன், ரெண்டு மணிக்கு அலாரம் ஆஃப் ஆயிடுச்சுன்னு புரிஞ்சுக்கிட்டேன், அலாரம் வேலை செய்யல வந்து பாருங்கன்னு மெயின்டனன்ஸ்க்கு தகவலும் அனுப்பிட்டேன். அவங்க வந்து அலாரத்தக் கழட்டி, செக் பண்ணி, நல்லாத்தானே இருக்குன்னு திரும்ப மாட்டி முடிக்க அரை நாள் போச்சு. உண்மையில அலாரம் நிக்கவே இல்ல, அடிச்சிருக்கு. மெஷின் சூடானதால அது கத்தியிருக்கு. அந்த மெஷின அந்த அரை நாளும் யாருமே பார்க்கல.

அந்த வரில எனக்குத் தெரியாத வார்த்தை ஒண்ணு கூட இல்ல. அலாரம் தெரியும், வென்ட் தெரியும், ஆஃப் தெரியும். தெரியாத வார்த்தையா இருந்திருந்தா டிக்ஷனரிய எடுத்திருப்பேன், எல்லாம் தெரிஞ்ச வார்த்தையா இருந்ததாலதான் எடுக்கல. ஃப்ரேசல் வெர்ப் ஆள கவுக்குறது இப்படித்தான். அதுக்கப்புறம் நான் ஒவ்வொண்ணா தட்டுத்தடுமாறி கத்துக்கிட்டத, புதுசா ஆரம்பிக்கிறவங்க அந்த தட்டுத்தடுமாறல் இல்லாம கத்துக்கணும்னுதான் வரிசையா எழுதுறேன். உதாரணத்துக்கு "கோ ஆஃப்"தான் முழுக்க எடுத்துக்கிறேன், ஏன்னா இந்த ஒண்ணுலயே நேருக்கு நேர் எதிரான ரெண்டு அர்த்தம் இருக்கு. இது பிடிபட்டா மத்ததும் இதே வழிதான்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி: என்ன வேணும், எவ்வளவு செலவு

ஃப்ரேசல் வெர்ப்னா ஒரு சாதாரண வினைச்சொல், அது பின்னாடி அப், ஆஃப், அவுட், இன், ஆன், டவுன் மாதிரி ஒரு குட்டி வார்த்தை, ரெண்டும் சேர்ந்து புதுசா ஒரு அர்த்தம். அவ்வளவுதான் இலக்கணம், இதுக்கு மேல இப்ப வேண்டாம்.

தேவையானது மூணே மூணு. ஒரு நல்ல கற்போர் டிக்ஷனரி, ஒரு நோட்டு, நிஜமா யாரோ எழுதின இங்கிலீஷ் வரிகள், அதாவது உங்களுக்கு வர்ற ஈமெயில், செய்தி, நீங்க படிக்கிற கதை எதுவானாலும். டிக்ஷனரிக்கு காசு குடுக்க வேண்டாம், கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸ், லாங்மேன் மூணுமே நெட்ல இலவசமா கிடைக்குது. கற்போர் டிக்ஷனரின்னு அழுத்திச் சொல்றதுக்கு காரணம் இருக்கு, அது வேற மொழிக்காரங்க இங்கிலீஷ் கத்துக்கிறதுக்காகவே எளிய வார்த்தைல எழுதினது, ஒவ்வொரு அர்த்தத்துக்கும் உதாரண வாக்கியமும் இருக்கும். இங்கிலீஷ்-தமிழ் அகராதி மட்டும் வச்சு இந்த வேலைய ஆரம்பிக்காதீங்க, நிறைய இடத்துல ஃப்ரேசல் வெர்ப்க்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல்லப் போட்டு விட்டுருவாங்க, அந்த ஒண்ணு உங்க வாக்கியத்துக்குப் பொருந்துமாங்கறது அதிர்ஷ்டம்தான்.

"500 ஃப்ரேசல் வெர்ப் தமிழ் அர்த்தத்துடன்" மாதிரி லிஸ்ட் வாங்கி மனப்பாடம் பண்ற வேலையும் வேண்டாம். நான் பண்ணிப் பார்த்தேன், மூணு வாரம் போச்சு. லிஸ்ட்ல "கோ ஆஃப் = வெடித்தல்"னு இருந்துச்சு. அப்புறம் "தி மில்க் ஹேஸ் கான் ஆஃப்"னு ஒரு வரி வந்தப்ப பால் வெடிச்சுதான்னு உக்காந்து யோசிச்சதுதான் மிச்சம்.

1. இது ஃப்ரேசல் வெர்ப் தானான்னு முதல்ல உறுதி பண்ணுங்க

வினைச்சொல் பக்கத்துல அப், ஆஃப் வந்தாலே ஃப்ரேசல் வெர்ப்னு முடிவு பண்ணிடக் கூடாது. "ஹீ ரேன் அப் தி ஹில்"னா மலைமேல ஓடினான், நேரடி அர்த்தம், அதுல ஒண்ணும் ஒளிஞ்சு இல்ல. "ஹீ ரேன் அப் எ பில்"னா பில்ல ஏத்திக்கிட்டான், கடன் சேர்ந்துபோச்சு. வெளித்தோற்றத்துல ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு.

அதனால முதல்ல நேரடி அர்த்தத்தப் போட்டுப் பாருங்க. காட்சி கண்ணுக்கு முன்னாடி வருதா, முழு வாக்கியத்தோட ஒத்துப்போகுதா, சரி விட்டுருங்க. "தி கார் வென்ட் ஆஃப் தி ரோட்"னா கார் ரோட்ட விட்டு இறங்கிடுச்சு, இதுல யோசிக்க ஒண்ணுமில்ல. பில்லு மேல ஒருத்தன் ஓடுற மாதிரி அபத்தமா வந்துச்சுன்னா அடுத்த படிக்குப் போங்க.

இதுல ஒரு ஆபத்து என்னன்னா, சில சமயம் நேரடி அர்த்தமே அபத்தமா இல்லாம நல்லா பொருந்துற மாதிரி நடிக்கும். என் அலாரம் கதை அதுதான், அலாரம் ஆஃப் ஆகுறது நடக்கக்கூடிய விஷயம்தானே, எந்த மணியும் அடிக்கல மனசுக்குள்ள. அதனால வேலை, பணம், மருத்துவம், பாதுகாப்பு சம்பந்தப்பட்ட வரியா இருந்தா நேரடி அர்த்தம் பொருந்தினாலும் ஒரு தடவ டிக்ஷனரில தட்டிப் பாருங்க. அரை நிமிஷம்தான் ஆகும்.

2. "எது?"ன்னு கேளுங்க

இந்த ஒரு படிய மட்டும் எடுத்துக்கிட்டு மத்தத மறந்தாலும் எனக்கு சந்தோஷம்தான்.

தமிழ்ல "அடிக்குது"ன்னா என்ன அர்த்தம்னு ஒரு வெளியாள் உங்களக் கேட்டா என்ன சொல்வீங்க? எது அடிக்குதுன்னு திருப்பிக் கேப்பீங்க. வெயில் அடிக்குது, மணி அடிக்குது, காத்து அடிக்குது, ஃபோன் அடிக்குது, பக்கத்துல உக்காந்திருக்கவன் காப்பி அடிக்கிறான். நாம ஒரு நாளும் குழம்பினதில்ல, ஏன்னா "வெயில்"னு காதுல விழும்போதே "அடிக்குது"க்கு எந்த அர்த்தம்னு முடிவாயிடுது. அர்த்தம் அந்த வினைக்குள்ள தனியா உக்காந்திருக்கல, பக்கத்து வார்த்தையோட சேர்ந்துதான் இருக்கு. "கட்டு" எடுத்துக்கோங்க, வீடு கட்டினா ஒண்ணு, பணம் கட்டினா ஒண்ணு, தாலி கட்டினா ஒண்ணு. இங்கிலீஷ்காரங்க ஃப்ரேசல் வெர்ப்ப புரிஞ்சுக்கிறதும் இதே மாதிரிதான், அவங்க தலைல லிஸ்ட் எதுவும் ஓடல.

இப்ப "கோ ஆஃப்"க்கு வருவோம். எது கோ ஆஃப் ஆச்சு?

அலாரம், சைரன், ஃபோன்ல வச்ச டைமர்னா, சத்தம் போட ஆரம்பிச்சுது. "மை அலாரம் வென்ட் ஆஃப் அட் சிக்ஸ்", ஆறு மணிக்கு அலாரம் அடிச்சுது.

வெடிகுண்டு, பட்டாசுன்னா வெடிச்சுது, துப்பாக்கின்னா சுட்டுது. "தி கன் வென்ட் ஆஃப் பை ஆக்ஸிடென்ட்"னா துப்பாக்கி தவறிப்போய் வெடிச்சிடுச்சு.

லைட், கரண்ட், ஹீட்டர்னா நின்னுபோச்சு. "தி லைட்ஸ் வென்ட் ஆஃப்", லைட் போயிடுச்சு.

பால், மீன், கறின்னா கெட்டுப்போச்சு. இது பெரும்பாலும் பிரிட்டிஷ் பேச்சு, அமெரிக்காக்காரங்க இந்த இடத்துல "வென்ட் பேட்"னு சொல்றதுதான் வழக்கம்.

ஆள்னா கிளம்பிப் போனாங்க. "ஷீ வென்ட் ஆஃப் டு ஒர்க்", வேலைக்குக் கிளம்பிட்டா. "ஹீ வென்ட் ஆஃப் வித் மை கீஸ்"னா என் சாவிய எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

கூட்டம், விழா, கல்யாணம் மாதிரி ஒரு நிகழ்ச்சின்னா நடந்து முடிஞ்சுது, கூடவே எப்படி நடந்துச்சுங்கிறதும் வரும். "தி மீட்டிங் வென்ட் ஆஃப் வெல்", மீட்டிங் நல்லபடியா முடிஞ்சுது.

குழந்தைன்னா தூங்கிப்போச்சு. "தி பேபி ஹேஸ் ஜஸ்ட் கான் ஆஃப்"னு மெதுவான குரல்ல சொன்னாங்கன்னா கதவ சாத்தாம நில்லுங்க, இப்பதான் தூங்கியிருக்கு.

எட்டாவது ஒண்ணு இருக்கு, அது அடுத்த படில.

இப்ப இந்த வாக்கியத்தப் பாருங்க: "தி லைட்ஸ் வென்ட் ஆஃப் அண்ட் தென் தி அலாரம் வென்ட் ஆஃப்". லைட் நின்னுச்சு, அப்புறம் அலாரம் ஆரம்பிச்சுது. ஒரே வாக்கியம், ஒரே வினை, முதல்ல நின்னதுன்னு அர்த்தம், அடுத்து ஆரம்பிச்சதுன்னு அர்த்தம். இந்த ஒரு வாக்கியத்த நோட்டோட முதல் பக்கத்துல எழுதி வையுங்க. அலாரத்த நிறுத்தினத சொல்லணும்னா அதுக்கு "டர்ன்ட் ஆஃப்", இல்லன்னா "ஸ்விட்ச்ட் ஆஃப்", அங்க ஒரு ஆள் நிறுத்துறார்.

3. பின்னாடி என்ன வருதுன்னு பாருங்க

முன்னாடி இருக்கிறதப் பார்த்தாச்சு, இப்ப பின்னாடி. வினைக்குப் பின்னாடி ஒரு பொருள் வருதா இல்ல வாக்கியம் அங்கேயே முடியுதா?

"ஐ ஹேவ் கான் ஆஃப் காஃபி." இங்க ஆள் கிளம்பல, தூங்கல. "கோ ஆஃப்"க்குப் பின்னாடி நேரா "காஃபி"ன்னு ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு. அப்ப அர்த்தம், முன்ன பிடிச்சது இப்ப பிடிக்கல, காஃபி மேல இருந்த ஆசை போயிடுச்சு. ஆள் பேரும் வரலாம், "ஷீ ஹேஸ் கான் ஆஃப் ஹிம்"னா அவன் மேல இருந்த பிரியம் விட்டுப்போச்சு. இதுவும் பிரிட்டிஷ் பழக்கம்தான். இதுதான் அந்த எட்டாவது.

"டேக் ஆஃப்" இதுக்கு இன்னும் தெளிவான உதாரணம். "தி பிளேன் டுக் ஆஃப்", பின்னாடி ஒண்ணுமில்ல, விமானம் கிளம்பி மேல ஏறிடுச்சு. "ஹீ டுக் ஆஃப் ஹிஸ் ஷூஸ்", பின்னாடி ஷூ, அப்ப கழட்டினான். "ஹீ டுக் எ டே ஆஃப்", நடுவுல ஒரு நாள் உக்காந்திருக்கு, அப்ப லீவு எடுத்தான். "ஹெர் பிசினஸ் டுக் ஆஃப்", பின்னாடி ஒண்ணுமில்ல ஆனா முன்னாடி பிசினஸ், அப்ப தொழில் கிடுகிடுன்னு சூடுபிடிச்சுது. "ஹீ ஜஸ்ட் டுக் ஆஃப்"னா சொல்லாம கொள்ளாம கிளம்பிட்டான். முன்னாடியும் பின்னாடியும் சேர்த்துப் பார்த்தா இந்த அஞ்சுல ஒண்ணு கூட குழப்பாது, "டேக் ஆஃப்"ப மட்டும் தனியா பிச்சு எடுத்துப் பார்த்தா அஞ்சுமே குழப்பும்.

மூணு வார்த்தையா வர்றதும் இருக்கு, அத தனி ஆளாவே நினைங்க. "புட் அப்" வேற, "புட் அப் வித்" வேற. "புட் அப் எ போஸ்டர்"னா போஸ்டர் ஒட்டுறது, "புட் அப் வித் தி நாய்ஸ்"னா சத்தத்த சகிச்சுக்கிறது. கடைசில இருக்கிற அந்த "வித்"த கண்ணு தாண்டிப் போச்சுன்னா மொத்தமும் போச்சு.

4. டிக்ஷனரில எப்படித் தேடணும்

"வென்ட் ஆஃப்"னு தேடாதீங்க, "கோ ஆஃப்"னு மூல வடிவத்துல தேடுங்க. "கான் ஆஃப்", "டேக்கன் ஆஃப்" எல்லாத்துக்கும் இதேதான்.

பக்கம் திறந்ததும் முதல் அர்த்தத்தப் படிச்சிட்டு மூடிடுறதுதான் நிறையப் பேர் பண்ற தப்பு, நானும் பண்ணியிருக்கேன். எல்லா அர்த்தத்தையும் மேலோட்டமா ஒரு பார்வை பாருங்க, விளக்கத்த விட உதாரண வாக்கியத்த முதல்ல பாருங்க. உங்க வாக்கியத்துல இருக்கிற அதே மாதிரி பொருள் எந்த உதாரணத்துல வருதோ அதுதான் உங்க அர்த்தம். உங்க வரில "மீட்"னு இருக்கு, உதாரணத்துல "மில்க்"னு இருக்கு, ரெண்டும் சாப்பாட்டுப் பொருள், போதும், கண்டுபிடிச்சாச்சு.

அப்புறம் சின்னச் சின்னக் குறிப்பு போட்டிருப்பாங்க, அதத் தாண்டிப் போகாதீங்க. பிரிட்டிஷ், அமெரிக்கன், இன்ஃபார்மல்னு இருக்கும். இன்ஃபார்மல்னு போட்டிருந்தா நண்பர்கிட்ட பேசலாம், ஆஃபீஸ் லெட்டர்ல போடாம இருக்கிறது நல்லது. லாங்மேன்லயும் ஆக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸ்லயும் ரெண்டு பக்கமும் முனை இருக்கிற ஒரு சின்ன அம்புக்குறி வரும், அது இருந்தா வினையையும் குட்டி வார்த்தையையும் பிரிச்சு நடுவுல பொருளப் போடலாம்னு அர்த்தம், ஒன்பதாவது படில இது தேவைப்படும். கேம்பிரிட்ஜ்ல பல அர்த்தங்களுக்குப் பக்கத்துல ஏ1, பி2, சி1 மாதிரி ஒரு நிலை போட்டிருப்பாங்க, ஏ1 ரொம்ப ஆரம்ப நிலை, சி2 உச்ச நிலை, ஒரே ஃப்ரேசல் வெர்ப்போட ஒரு அர்த்தம் பி1லயும் இன்னொண்ணு சி2லயும் இருக்கும், எத முதல்ல படிக்கிறதுன்னு தெரியாம நிக்கிறவங்களுக்கு இது பெரிய உதவி.

5. கண்டுபிடிச்ச அர்த்தத்த திரும்ப வாக்கியத்துல போட்டுப் பாருங்க

இந்த சோதனைய விடாதீங்க. நீங்க எடுத்த அர்த்தத்துக்கு ஒரு நேர் வார்த்தைய, அது தமிழா இருந்தாலும் பரவாயில்ல, அதே இடத்துல வச்சு, முன்னாடி ஒரு வாக்கியம் பின்னாடி ஒரு வாக்கியம் சேர்த்துப் படிங்க. என் நோட்டுல "தி அலாரம் வென்ட் ஆஃப் அட் டூ"க்கு அடுத்த வரி "எவ்ரிஒன் ரேன் அவுட்"னு இருந்துச்சு. அலாரம் நின்னதுக்கு எதுக்கு எல்லாரும் வெளிய ஓடணும்? அந்த ஒரு கேள்விய அன்னைக்கு நான் கேட்டிருந்தா போதும். விடை அடுத்த வரிலயே இருந்துச்சு, நான்தான் புரிஞ்சிடுச்சுன்னு முன்னாடியே நிறுத்திட்டேன்.

6. குட்டி வார்த்தையோட குணத்தத் தெரிஞ்சுக்கோங்க, ஆனா அத நம்பி முடிவெடுக்காதீங்க

"ஆஃப்"போட அடிப்படைல ஒரு விலகல் இருக்கு. ஒட்டியிருந்தது பிரியுது, இருந்த இடத்த விட்டு நகருது. ஆள் விலகினா கிளம்புறது, ஆசை விலகினா பிடிக்காம போறது, கரண்ட்டோட தொடர்பு விட்டா லைட் நிக்கிறது, பால் தன் நல்ல நிலைய விட்டு விலகினா கெடுறது. சும்மா கிடந்த குண்டும் அலாரமும் அந்த அமைதி நிலைய விட்டு திடீர்னு கிளம்புது, அதனால வெடிக்குது, அடிக்குது. இப்படி யோசிச்சதுக்கு அப்புறம்தான் லைட்டும் அலாரமும் எனக்கு ஒரே குடும்பமா தெரிய ஆரம்பிச்சுது.

"அப்"ல நிறைய இடத்துல முழுசா முடிக்கிற குணம் இருக்கு, "ஈட் அப்"னா மிச்சம் வைக்காம சாப்பிடு, "யூஸ் அப்"னா தீர்த்துடு. நம்ம "சாப்பிட்டுடு", "முடிச்சுடு"ல வர்ற அந்த "விடு" மாதிரி. "சாப்பிட்டுப் பாரு"ல கண்ணுக்கு வேலையே இல்லாம "பாரு" வந்து முயற்சிங்கிற அர்த்தத்தக் குடுக்குது இல்லையா, அதே மாதிரிதான் "அப்" இங்க மேல போறதச் சொல்லல. "ஆன்"ல தொடர்றது இருக்கு, "கேரி ஆன்", "கோ ஆன்".

ஆனா இது ஞாபகம் வச்சுக்க உதவுற கயிறு மட்டும்தான். தெரியாத ஒண்ண இத வச்சு ஊகிக்கப் போனா வழுக்கிடும். "பர்ன் அப்"பும் எரிஞ்சு போறதுதான் "பர்ன் டவுன்"னும் எரிஞ்சு போறதுதான், ஃபார்ம்ல "ஃபில் இன்" பண்ணினாலும் "ஃபில் அவுட்" பண்ணினாலும் பூர்த்தி பண்றதுதான். அர்த்தத்த டிக்ஷனரில உறுதி பண்ணிட்டு அப்புறம் இந்தக் கயித்துல கட்டுங்க.

7. தமிழ்ல ஏற்கனவே ஒட்டிக்கிட்ட அர்த்தத்தக் கழட்டி வையுங்க

இந்தப் பொறிய எந்த இங்கிலீஷ் புத்தகமும் சொல்லாது, ஏன்னா இது தமிழ் பேசுறவங்களுக்குன்னே இருக்கிற பொறி. நாம நிறைய ஃப்ரேசல் வெர்ப்ப இங்கிலீஷ் படிக்கிறதுக்கு முன்னாடியே தமிழுக்குள்ள பேசிக்கிட்டுத்தான் இருக்கோம், ஆனா ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு ரெண்டு அர்த்தத்த மட்டும் எடுத்து வச்சிருக்கோம், சிலதுல அர்த்தத்தையே நகர்த்தி வச்சிருக்கோம்.

"ஆஃப்"னா நமக்கு நிறுத்துறது, அதுக்கு மேல ஒண்ணுமில்ல. ஃபேன ஆஃப் பண்ணு, ஃபோன ஆஃப் பண்ணு. என்ன கவுத்தது அந்தத் தமிழ் "ஆஃப்"தான்.

"மேக்கப்"னா நமக்கு முகத்துல போடுறது. இங்கிலீஷ்ல "ஹீ மேட் அப் எ ஸ்டோரி"னா கதை கட்டினான், "தே ஃபாட் அண்ட் மேட் அப்"னா சண்டை போட்டு சமாதானம் ஆனாங்க, "ஐ வில் மேக் அப் தி டைம்"னா போன நேரத்த ஈடுகட்டுறேன், "உமன் மேக் அப் ஹாஃப் தி கிளாஸ்"னா வகுப்புல பாதிப்பேர் பெண்கள். நாலுலயும் முகப்பூச்சுக்கு வேலையே இல்ல.

"செட்டப்"னா தமிழ்ல ஏதோ ஜோடிக்கப்பட்ட விஷயம்னு ஒரு வாடை வந்துடுது. "ஷீ செட் அப் எ கம்பெனி"ன்னு படிச்சா ஏதோ போலி கம்பெனின்னு நினைக்க வேண்டாம், கம்பெனி ஆரம்பிச்சா, அவ்வளவுதான். அதே சமயம் "ஹீ வாஸ் செட் அப்"னு ஆள வச்சு வந்தா அது அவன திட்டமிட்டு மாட்டிவிட்டாங்கன்னும் அர்த்தம் ஆகலாம், அங்க நம்ம தமிழ் வாடை கொஞ்சம் கைகொடுக்கும். மறுபடியும் கேள்வி "எது செட் அப் ஆச்சு"ங்கிறதுதான்.

"பில்டப்" நமக்கு இல்லாதத ஊதிப் பெருசாக்குறது, இங்கிலீஷ் "பில்ட் அப்" கொஞ்சம் கொஞ்சமா சேர்றது, சேமிப்பும் பில்ட் அப் ஆகும் அழுக்கும் பில்ட் அப் ஆகும். "கெட்டப்" நமக்கு வேஷம், "கெட் அப்" எழுந்திருக்கிறது. "பேக்கப்"னு நாம ரெண்டு வேற வார்த்தைய ஒரே மாதிரி உச்சரிக்கிறோம், ஃபைல நகல் எடுத்து வைக்கிறது ஒண்ணு, சாமானக் கட்டிக்கிட்டுக் கிளம்புறது ஒண்ணு, இங்கிலீஷ்ல எழுத்தே வேற.

இப்படி நீங்க தமிழ்ல சொல்ற வார்த்தை ஒண்ணு இங்கிலீஷ் வரில கண்ணுல பட்டா, பழகின முகம்னு தாண்டிப் போகாம, தெரியாத வார்த்தை மாதிரியே நடத்துங்க.

இன்னும் ரெண்டு பொறிய இங்கயே சொல்லிடுறேன். "புட் ஆஃப்"னா தள்ளிப் போடுறது, "கால் ஆஃப்"னா ரத்து பண்றது, ரெண்டையும் மாத்திப் புரிஞ்சுக்கிட்டா நடக்கப்போற மீட்டிங்குக்கு போகாம இருந்துடுவீங்க. அப்புறம் "லுக் ஓவர்"னா ஒருமுறை பார்த்துச் சரிபார்க்கிறது, அதையே திருப்பிப் போட்டு ஒரே வார்த்தையா "ஓவர்லுக்"னு எழுதினா கவனிக்காம விடுறது. "ப்ளீஸ் லுக் ஓவர் மை ரிப்போர்ட்"னு கேக்கறதுக்குப் பதிலா "ஓவர்லுக்"னு எழுதினா, என் ரிப்போர்ட்டக் கண்டுக்காதீங்கன்னு நீங்களே கேக்குற மாதிரி ஆயிடும்.

8. நோட்டுல எழுதுற முறை

"கோ ஆஃப் = 1. வெடித்தல் 2. ஒலித்தல் 3. கெடுதல்"னு எழுதாதீங்க. அது திரும்பவும் லிஸ்ட்தான். ஜோடியா எழுதுங்க. அலாரம் கோ ஆஃப், அடிச்சுது. மில்க் கோ ஆஃப், கெட்டுப்போச்சு. லைட்ஸ் கோ ஆஃப், நின்னுச்சு. தமிழ்ப் பக்கத்துலயும் எழுத்துத் தமிழ் வேண்டாம், வாயில வர்ற தமிழே போதும், அதுதான் மனசுல ஒட்டுது. பக்கத்துலயே நீங்க அத பார்த்த நிஜ வாக்கியத்த அப்படியே எழுதி, எங்க பார்த்தீங்கன்னும் போட்டுருங்க.

நீங்க சந்திக்காத அர்த்தத்த எழுதவே எழுதாதீங்க. டிக்ஷனரில எட்டு இருக்குன்னு எட்டையும் ஒரே நாள்ல நகல் எடுத்தா ஒண்ணும் தங்காது. ஒரு ஃப்ரேசல் வெர்ப்புக்கு ஒரு முழுப் பக்கத்த ஒதுக்கி, முதல் அர்த்தத்த மட்டும் எழுதி, மிச்சத்தக் காலியா விட்டுருங்க. அடுத்தது எப்ப எதிர்ல வருதோ அப்ப எழுதுங்க. என் "கோ ஆஃப்" பக்கம் நிறைய பதினோரு மாசம் ஆச்சு, அந்த எட்டையும் இன்னைக்கு வரைக்கும் நான் மறக்கல.

9. நீங்களே பேசும்போதும் எழுதும்போதும்

புரிஞ்சுக்கிறது ஒண்ணு, சரியா பயன்படுத்துறது இன்னொண்ணு. இங்க மூணு விஷயம் போதும்.

பிரிக்கக்கூடிய ஃப்ரேசல் வெர்ப்ல "இட்", "தெம்", "ஹிம்" மாதிரி சுட்டுச்சொல் வந்தா அது நடுவுலதான் உக்காரணும். "டேக் ஆஃப் யுவர் ஷூஸ்" சரி, "டேக் யுவர் ஷூஸ் ஆஃப்" சரி, "டேக் தெம் ஆஃப்" சரி, "டேக் ஆஃப் தெம்" தப்பு. பிரிக்கக் கூடாததுல நடுவுல எதுவும் போகாது, "லுக் ஆஃப்டர் ஹிம்"தான், "லுக் ஹிம் ஆஃப்டர்" கிடையாது. எது எந்த வகைன்னு அந்த அம்புக்குறி சொல்லும்.

பெயர்ச்சொல்லா ஆகும்போது எழுத்து மாறும். வினையா இருந்தா "லாக் இன்", "செட் அப்", "பேக் அப்"னு ரெண்டு வார்த்தை, பெயரா இருந்தா "லாகின்", "செட்டப்", "பேக்கப்"னு ஒரே வார்த்தையா சேர்த்து எழுதணும். ஈமெயில்ல "ப்ளீஸ் லாகின்"னு சேர்த்து எழுதுறது ரொம்பப் பேர் பண்ற தப்பு.

உச்சரிப்புலயும் இது மாறும். வினையா சொல்லும்போது பொதுவா குட்டி வார்த்தைல அழுத்தம், "டுக் *ஆஃப்*". பெயரா சொல்லும்போது முன்னாடி அழுத்தம், "*டேக்*ஆஃப்". யூகிளிஷ்னு ஒரு தளம் இருக்கு, அதுல ஃப்ரேசல் வெர்ப்ப டைப் பண்ணினா நிஜ ஆளுங்க பேசுற வீடியோல அது வர்ற இடத்த வரிசையா போட்டுக் காட்டும், பத்து தடவ கேட்டா காதே பழகிடும்.

10. எவ்வளவு நாள் ஆகும், எத முதல்ல படிக்கிறது

ஒரு அர்த்தத்தப் பிடிச்சு, சரிபார்த்து, நோட்டுல ஏத்த அஞ்சு நிமிஷம். ஒரு நாளைக்கு ரெண்டுக்கு மேல போகாதீங்க. அன்னைக்கு எழுதினத மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழிச்சு ஒருமுறை, ஒரு மாசம் கழிச்சு ஒருமுறை தமிழ்ப் பக்கத்த மூடிட்டு படிங்க. இந்த வேகத்துல போனாலே மூணு மாசத்துல நூத்துக்கு மேல ஜோடி கையில இருக்கும்.

ஒரே ராத்திரில "அப்" குடும்பம் முழுசையும் படிக்கிற வேலை வேண்டாம். மேக் அப், டேக் அப், செட் அப், புட் அப்னு அடுத்தடுத்து படிச்சா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி எல்லாமே கலங்கிடும்.

அர்த்தக் கணக்கப் பார்த்து மலைக்கிறவங்களுக்காக ரெண்டு கணக்கு சொல்றேன். 2007ல கார்ட்னர், டேவிஸ்னு ரெண்டு பேர் அதிகம் புழங்குற 100 ஃப்ரேசல் வெர்ப்ப எடுத்துப் பார்த்தாங்க, அதுக்கு மொத்தம் 559 அர்த்தம் வந்துச்சு, ஒண்ணுக்கு சராசரியா அஞ்சரை. பயமாத்தான் இருக்கும். ஆனா 2015ல கார்னியே, ஷ்மிட்னு வேற ரெண்டு பேர் 150 ஃப்ரேசல் வெர்ப்ப எடுத்து, நிஜமா மக்கள் எழுதுறதுலயும் பேசுறதுலயும் எந்த அர்த்தம் திரும்பத் திரும்ப வருதுன்னு பார்த்து ஃபேவ் லிஸ்ட்னு (PHaVE List) ஒண்ணு போட்டாங்க, அதுல 150க்கும் சேர்த்து 288 அர்த்தம்தான். ஒண்ணுக்கு ரெண்டு கூட முழுசா வரல, அதுலயே பெரும்பாலான இடம் அடங்கிடுது. நோட்டுல எதுவும் சிக்காத நாள்ல அந்த லிஸ்ட்ல இருந்து ஒண்ண எடுத்துப் பார்க்கலாம். மிச்ச அர்த்தமெல்லாம் எப்பவாவது வரும், வரும்போது டிக்ஷனரி இருக்கு.

11. அப்பவும் சந்தேகம் தீரலன்னா

சில வரி எல்லாப் படியும் தாண்டியும் பிடி குடுக்காது, எழுதினவர் ரெண்டே வார்த்தைல அவசரமா எழுதியிருப்பார், முன்னாடி பின்னாடி ஒண்ணும் இருக்காது. அப்ப எழுதினவரையே கேளுங்க. "எனக்குப் புரியல"ன்னு பொதுவா கேக்காதீங்க, அவர் அதே வரியத் திரும்பச் சொல்லுவார். நீங்க சந்தேகப்படுற ரெண்டு அர்த்தத்தையும் சாதாரண வார்த்தைல வச்சு, எதுன்னு கேளுங்க. அலாரம் விஷயத்துல கேக்க வேண்டிய கேள்வி இதுதான்: "டிட் தி அலாரம் ஸ்டார்ட், ஆர் டிட் இட் ஸ்டாப்?" ஸ்டார்ட், ஸ்டாப்னு பதில் வந்தா அதுல வேற அர்த்தத்துக்கு இடமே இல்ல. ராத்திரி ஷிஃப்ட்காரர் அன்னைக்கு வீட்டுக்குப் போய் தூங்கியிருப்பார்தான், எழுப்பியிருந்தா கோபப்பட்டும் இருப்பார், ஆனாலும் ஒரு ஃபோன்ல தீர்ந்திருக்கும், மெஷினப் பார்க்க அப்பவே ஆள் போயிருக்கும்.